தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்

வியாழக்கிழமை காலை பாபநாசத்தில் பேருந்து நின்றிருந்தபோது கலாவதியின் தம்பி அழைத்தார். “அக்கா போயிட்டாங்க சார்” என்றார். அவருடைய கடைசி நாளைப் பற்றியும் சொன்னார். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் கலாவதி நர்சிடம் சீட்டை வாங்கிப் பார்த்து, “எடை அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க, கிலோவா மூட்டையா?” என்று கேட்டாராம். பேருந்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

தஞ்சாவூரில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. எண்ணைப் பார்த்தால் அலகைக் கேட்பார். அந்தக் குணம் எனக்கு எவ்வளவு எரிச்சல் தந்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

குத்தகை விவசாயிகளின் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் பைத்தானில் நிரல் எழுதினோம். யார் எவ்வளவு நிலம் சாகுபடி செய்கிறார் என்று கூட்டிப் பட்டியல் தரவேண்டும். குத்தகைப் பதிவுக்காக வட்டாட்சியர் நடத்தும் விசாரணையில் அதுதான் ஆதாரம். முருகேசன் என்பவருக்கு இரண்டு வயல்கள். ஒன்று மூன்று மா, இன்னொன்று ஒரு ஏக்கர். மா என்பது நில அளவு; ஒரு ஏக்கர் என்பது மூன்று மா. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தக் கணக்கு என் நிரலுக்குத் தெரியவில்லை. மொத்தம் நாலு மா என்றது. முருகேசனின் இரண்டு மா காற்றில் போயிருக்கும்.

தப்பு என்னுடையது. கூட்டல் குறிக்குப் பின்னால் வேலை செய்யும் சிறப்பு மெத்தட் என்ற நிரல்துண்டில், எதிரே எது வந்தாலும் வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தேன். அதனால் வகைகளைச் சரிபார்க்கும் டைப் செக்கரும் வாயைத் திறக்கவில்லை. கலாவதி அதை ‘மா வந்தால் மட்டும்’ என்று குறுக்கினார். உடனே திரையில் செக்கரின் சிவப்பு எச்சரிக்கை. இதைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு குறிப்பு போட்டு அடக்கினேன். அவர் அதை அழித்தார்.

“இங்க செக்கர் வாய அடைச்சா, தப்பு அங்க விசாரணையில வாயத் தொறக்கும் சார்” என்றார்.

பிறகு, மா அல்லாதது வந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று பதில் தரும்படி மாற்றினார். மா தருவதாக வாக்குக் கொடுத்த மெத்தட் இப்படிக் கைவிரிக்கலாமா என்று சண்டை பிடித்தேன். இந்த மாதிரி மெத்தட்களுக்கு மட்டும் செக்கரே அந்தச் சலுகையைத் தருகிறது என்று காட்டினார். கூட்டல் குறிக்கு இடப்பக்கம் இருப்பது தெரியாது என்றால், பைத்தான் வலப்பக்கம் இருப்பதைக் கேட்கும். ஏக்கருக்குத் தன்னை மாவாக மாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். சிவப்பு மறைந்தது, ஆறு மா வந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

விசாரணை நாளில் நிலக்காரர் தரப்பு, மொத்தத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு ஏக்கரை முருகேசன் உழுததே இல்லை என்றது. வட்டாட்சியர், பட்டியல் போட்ட என்னைப் பார்த்து, அந்த வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் என்று கேட்டார். தாளில் அது இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த கலாவதி என் காலை நன்றாக மிதித்தார்.

“தெரியாதுங்க ஐயா. அவரக் கேளுங்க” என்றேன்.

அதுவரை யாரும் முருகேசனைக் கேட்டிருக்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“மூணாவது மடைங்க. பக்கத்து வயல் பாஞ்ச பொறவுதான் எங்களுக்கு. நடுவுல ஒரு பள்ளம் கெடக்கு, அங்க நாத்து அழுவிப்போயிரும். வருசா வருசம் ரெண்டு தடவ நடணும்.”

வட்டாட்சியர் நிலக்காரர் தரப்பைப் பள்ளம் பற்றிக் கேட்டார். அவர்கள் தாள்களைப் புரட்டினார்கள். ஆறு மாவும் பதிவேட்டில் ஏறியது.

வெளியே டீக்கடையில் கலாவதிக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. “இன்னிக்குத்தான் சார் நம்ம ப்ரோக்ராம் சரியா ஓடுச்சு” என்றார். என் கால் இரண்டு நாள் வலித்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். தெரியாது. அதைச் சொல்லிவிட்டு, தெரிந்தவர் யார் என்று பக்கத்தில் திரும்பிப் பார்க்கிற பழக்கமும். கலாவதி போன தகவலைச் சொல்ல முருகேசனைப் போனில் கூப்பிட்டேன். தன் பெயரில் குத்தகை பதிவான அந்த ஒரு ஏக்கர் வயலில் நின்றுகொண்டிருந்தார். பள்ளத்தில் இரண்டாவது நடவு நடந்துகொண்டிருந்தது.