உதைத்துக் கிளப்பும் வண்டி

கருகிய எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடைதான் எங்கள் வீட்டு வாசலின் வாடை. திருமங்கலத்தில் விதைக்கடை வைத்திருந்த அப்பா, போலீஸ் ஏலத்தில் எடுத்து வந்த கனத்த மோட்டார் சைக்கிளை அங்கேதான் நிறுத்துவார். எந்தப் பட்டறையில் காட்டினாலும் அதன் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுவது நிற்காததால், கீழே எப்போதும் ஒரு பழைய விதைச் சாக்கு விரித்திருக்கும். தெருவில் அதற்கு 'டப்டப்பு' என்று பெயர். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டதுமே, போலீஸ் வருகிறதென்று டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருப்பவர்கள் தங்களையறியாமல் காலை இறக்கிவிடுவார்கள். வருவது அப்பா என்று தெரிந்ததும், "ஏலத்துல வண்டிய மட்டுந்தான் குடுத்தாகளாண்ணே, தொப்பியக் குடுக்கலையா?" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்காகவே அப்பா டீக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது கிளம்ப வேண்டுமே. கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் பிடியை அழுத்திக்கொண்டு, முன்விளக்குக்கு மேலிருக்கும் மீட்டரில் 'ஆம்பியர் முள்' நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, பிடியை விட்டுவிட்டு, உடம்புப் பாரம் முழுதும் வலது காலில் இறங்க ஒரே உதை உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஒவ்வொரு காலையும் அப்பா உதைக்க, அம்மா சோற்றுப் பையோடு சுவரோரம் நின்று வாய்க்குள் மாதாவை வேண்டிக்கொண்டிருப்பார். முன்னால் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிக டீச்சர். அதே பள்ளியில்தான் என்னையும் சேர்த்திருந்தார்கள். பஸ்ஸில் போனால் அம்மாவுக்கு நிம்மதி, ஆனால் அப்பா விடமாட்டார். "வாசல்ல இம்புட்டுப் பெரிய வண்டிய நிறுத்திட்டு டீச்சர பஸ்ஸுல அனுப்புறான்னு ஊரு சிரிக்கவா?" என்பார்.

வேலையை நிரந்தரமாக்க ஒரு நாள் அம்மாவை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். இடம் ஒன்றுதான், விண்ணப்பித்தவர்கள் பலர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தார் அம்மா. கப்பலூரைத் தாண்டியதும் வண்டி இருமுறை தும்மிவிட்டு நின்றது. அப்பா பதறிப்போய், முள்ளைப் பார்க்காமல், பிடியை அழுத்தாமல் உதைத்துக்கொண்டே இருந்தார். கிக்கர் திருப்பி அடித்ததில் கெண்டைக்கால் தோல் கிழிந்து ரத்தம் வடிந்தது. பெட்ரோல் ஏறி 'பிளக்' நனைந்துவிட்டது. துடைக்கத் துணியில்லாமல் அவர் திரும்பிப் பார்த்தபோது, அம்மா முந்தானையை நீட்டினார். வெள்ளையில் கரி அப்பிக்கொண்டது.

அப்போது மதுரை பஸ் வந்தது. அம்மா கையைக் காட்ட, தினம் பார்க்கிற கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, "டீச்சர், வாரீகளா?" என்றார். அம்மா பஸ்ஸை நோக்கி ஒரு காலெடுத்து வைத்துவிட்டார்.

"நீங்க போங்கண்ணே, இந்தா கிளம்பிரும்" என்றார் அப்பா, குனிந்தபடியே.

அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். நீட்டிய கை மெல்ல இறங்கியது. பஸ் போய்விட்டது.

வண்டி கிளம்பத்தான் செய்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கரிபட்ட முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்தபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வேறு டீச்சர் வந்தார். பள்ளி வருஷம் முடிந்ததும் தற்காலிக வேலையும் போனது. அப்பாவை அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியில் அதற்குப்பிறகு ஏறவேயில்லை. மாதா கோவிலுக்குப் போவதென்றாலும், "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்பார். பின் சீட் காலியாக அப்பா முன்னால் போவார்.

இப்போது விளாங்குடியில் இருக்கிறோம். என் மகனும் கனத்த வண்டிதான் வைத்திருக்கிறான். பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது. கீழே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, வழியில் நின்றதும் கிடையாது. அதைக் கண்டு யாரும் காலை இறக்குவதுமில்லை, தெருவுக்கு நாலு நிற்கிறது. ஆனாலும் அவனுக்குப் பழைய டப்டப்புச் சத்தம்தான் வேண்டுமாம், சைலன்சரை மாற்றி வந்திருக்கிறான்.

அந்தச் சத்தம்தான் வினையாகிவிட்டது. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கிடக்கும் அப்பாவுக்கு, மகன் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் வலது கால் துடித்துக் கட்டில் சட்டத்தை உதைக்க ஆரம்பிக்கிறது. வண்டி போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் நிற்பதில்லை. குதிகால் புண்ணாகிவிட்டது. தலையணை வைத்துப் பார்த்தோம், துணியால் கட்டியும் பார்த்தோம். கட்டினால் கண்ணில் தண்ணீர் வழிகிறது. டாக்டர் நரம்பு என்கிறார்.

நேற்றுக் காலையும் உதைத்தார். அம்மா கட்டில் ஓரத்தில், பின் சீட்டில் உட்காருவதுபோல ஒருபக்கமாக உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் புண்ணைத் துடைத்தார்.

"கிளம்பிருச்சுங்க" என்றார். "நான் ஏறிட்டேன். போங்க."

மடியில் கிடந்தபடியே கால் மறுபடி உதைத்தது.