வயலுக்கு அடியில் ஓடிய ஆறு

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த முதல் வருஷம். அறுபதுகளின் நடுவில் இருக்கும். என் கணவர் அங்கே பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பள்ளி அலமாரியை ஒழித்தபோது கிடைத்த பழைய வரைபடம் ஒன்றை ஒட்டிச் சரிசெய்ய வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அளந்தது. மடிப்பெல்லாம் கிழிசல்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கூடத்தில் விரித்தார். பசை காய்ச்சிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தவள் அடுப்பையே மறந்துவிட்டேன். கொள்ளிடம் கடலில் சேர்கிற இடம், எங்கள் ஊர்ப் பக்கம்! ஒரு ஆறு இரண்டாகி, நாலாகி, கணக்கில்லாத வாய்க்கால்களாகி, தாளெல்லாம் நீலமாகப் பரவியிருந்தது. பிறந்து வளர்ந்த மண்ணை மேலேயிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

வேர்க்கடலைக் கொல்லையும் வற்றிய கிணறுமாக வாழ்ந்த என் மாமனார் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா, அத்தினியும் தண்ணியா?”

“ஆமாம் மாமா.”

“யப்பா!” என்றவர், படத்தின்மேல் கால் படாமல் தள்ளி உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்ப் பெயரைக் கணவர் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தார். ஊருக்குத் தெற்கே அகலமாக ஒரு ஆறு.

“இது தப்புங்க. அங்க ஆறே கிடையாது, எங்க வயல்தான் இருக்கு.”

“தப்பில்ல. அளந்தப்போ ஓடியிருக்கும். அப்புறம் வேற பக்கம் போயிருக்கும்.”

சின்னதிலிருந்து நான் நாற்று நட்டது ஆற்றின் மேலேயா?

“ஆறு எடம் மாறுமா?” என்றார் மாமனார்.

“மாறும் நைனா. அது கொண்டாந்த மண்ணே வழிய அடச்சிடும்.”

மாமனார் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். “நம்ம ராஜகிரி எங்க தாத்தன் காலத்துலயும் அங்கியேதான் நின்னுச்சி.”

கோடை விடுமுறையில் மூவருமாக என் பிறந்த வீட்டுக்குப் போனோம். அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா சிரித்தார்; ஆனாலும் மண்வெட்டி எடுத்துக் கொடுத்தார். கணவரும் மாமனாரும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம்வரை கருப்புக் களிமண். அதற்குக் கீழே சட்டென்று மண்வெட்டி சரசரத்தது. ஈரமான, வெளுத்த ஆற்று மணல். இடையிடையே குட்டிக் குட்டிச் சிப்பிகள்.

மாமனார் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். “ஆறுதாம்மா” என்றார் மெதுவாக.

ஆயுள் முழுக்க அந்த வயலை உழுத அப்பா குழியில் இறங்கினார். வெறுங்காலோடு மணலில் நின்றார். “அப்பா, மேல வாங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.