மிக்கேலம்மாளின் ரிசல்ட்

மிக்கேலம்மாளை எனக்கு இந்த ஆராய்ச்சிக்கு முன்னாலேயே தெரியும். மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவுக்குக் கருவாடு கொண்டுவருகிறவள் அவள். திரேஸ்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "ஏளா அனுசியா, நெத்திலி வேணுமா, சாளை வேணுமா" என்று வாசலில் நின்று கூப்பிடுவாள். நான் ஒரு கல்வியியல் கல்லூரியில் நூலகர். அங்கே என்னை மேடம் என்று கூப்பிடப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இவளுக்கு நான் ஏளாதான். வயதில் மூத்தவள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கருவாட்டை எடை போடும்போது அவள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு.

"ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவளாக்கும் நான். பெரிய பரீட்சை எழுதிட்டேன். ரிசல்ட்டு சொல்லுததுக்குள்ள எங்கம்மை போய்ச் சேந்துட்டா. தம்பியப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா. எங்கய்யா அந்தப் பச்சப் பிள்ளையக் கொண்டாந்து எம் மடியில போட்டாரு. அதோட பள்ளிக்கூடம் போச்சு. நான் பாஸா பெயிலான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

முதலில் கேட்டபோது சிரித்தேன். ஏழு வயதில் எழுதிய பரீட்சைக்கு ஐம்பத்தாறு வயதில் ரிசல்ட் கேட்கிறாளே என்று. பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தத் தம்பி ரோச் வளர்ந்து ஃபைபர் படகு வாங்கி, கல்யாணம் முடித்து, பிள்ளைகளைக் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டான். மிக்கேலம்மாளின் புருஷன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான். மகன் பிரைட்டன் குவைத்தில் இருக்கிறான். இவளுக்கு மிஞ்சியது கூடை. படித்த எழுத்தெல்லாம் எப்போதோ மறந்து போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

ஜெயஷீலா வந்தது இப்படி இருக்கும்போதுதான். நாசரேத்துக்காரி. அப்பா, தாத்தா, அத்தை எல்லாரும் வாத்தியார்கள். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திவிட்டு, தலை நரைக்கிற நேரத்தில் எங்கள் கல்லூரியில் பகுதி நேரமாக பிஎச்.டி. பதிவு செய்தாள். வயது வந்த பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அ, ஆ என்று தொடங்காமல், வலை, படகு, ஏலம், ஐஸ், சீலா மீன் என்று அவர்கள் வாயில் நாளெல்லாம் புழங்குகிற வார்த்தைகளிலிருந்து தொடங்குவது. நல்ல வழிதான், குறை சொல்ல மாட்டேன். அவளும் நல்லவள். அதுதான் இந்தக் கதையில் என்னை அதிகமாக எரிச்சல்படுத்துகிறது. ஒரு கெட்டவளாவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஆனால் வழி நல்லது என்று சொன்னால் பல்கலைக்கழகம் நம்பாது, நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஒரு தெருப் பெண்கள் முப்பது பேருக்குப் பாடம் நடத்துவார்கள். இன்னொரு தெருவில் முப்பது பேருக்கு நடத்த மாட்டார்கள். இரண்டு தெருவுக்கும் முதலில் ஒரு பரீட்சை, ஆறேழு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு பரீட்சை. பாடம் நடத்தாத தெரு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நடத்திய தெரு மேலே போக வேண்டும். அந்த வித்தியாசம்தான் ஆராய்ச்சி. புத்தகத்தில் படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும்.

ஜெயஷீலா வரைபடத்தை விரித்து, நடுவில் ஒரு ரோடு இருக்கிற மாதிரி பார்த்து, திரேஸ்புரத்தில் இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு தெருப் பெண்கள் இன்னொரு தெருவோடு பழக மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. நடுவில் இருக்கிற அந்த ரோட்டில்தான் இரண்டு தெருக் கருவாடும் ஒன்றாகக் காய்கிறது என்பது வரைபடத்தில் இல்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கருவாட்டைக் கழுவிச் சட்டியில் போடத்தான் நாசரேத்தில் தெரியும். அது எங்கே காய்கிறது என்று அவர்களுக்கு ஏன் தெரியப்போகிறது.

சீட்டுக் குலுக்கிப் போட்டாள். ரோச்சின் பெண்டாட்டி இருந்த தெருவுக்குப் பாடம் விழுந்தது. எதிர்த் தெருவில் இருந்த மிக்கேலம்மாளுக்கு விழவில்லை.

முதல் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வலைக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேலம்மாள் என்னைப் பார்த்ததும், "ஏளா, நீயா வாத்திச்சி" என்று கேலி செய்தாள். தாளை வாங்கி, மேலே நடுவில் ஒரு சிலுவை போட்டாள். எழுதத் தொடங்கும் முன் சிலுவை போட வேண்டும் என்பது ரெண்டாங் கிளாஸில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது. அதற்குக் கீழே எழுத அவளுக்கு ஒன்றும் இல்லை. சிலுவை மட்டும் போட்ட தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டீச்சர், எங்களுக்கு எப்ப கிளாசு?" என்று கேட்டாள்.

"இந்த ஆராய்ச்சி முடியட்டும்க்கா. முடிஞ்ச கையோட உங்க தெருவுக்குத்தான் வாரேன். அதுவரைக்கும் அங்கன கிளாசுக்கு வந்துறாதீங்க" என்றாள் ஜெயஷீலா. மனதாரத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

மிக்கேலம்மாள் கிளாசுக்குப் போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் விடியற்காலையில் ஏலத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் தம்பி பெண்டாட்டி பக்கத்தில்தானே உட்கார வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் படித்ததை அவள், "மைனி, இது வ, இது லை" என்று முன் சீட்டின் முதுகில் ஈர விரலால் எழுதிக் காட்டுவாள். காய்வதற்குள் இவள் படித்துவிட வேண்டும். அப்படித்தான் படித்தாள். மழைக்காலத்தில் ஆட்டோவில் தார்ப்பாய் இறக்கிவிட்டால் இருட்டில் தெரியாது. அன்றைக்கு உள்ளங்கையில் எழுதச் சொல்லித் தடவிப் பார்த்துப் படித்தாளாம்.

எங்கள் வாசலில் அதன் பலன் தெரிய ஆரம்பித்தது. கருவாடு பொதிகிற பழைய பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்குவாள். "த... ங்... க... ம். தங்கம். வி... லை." பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு வந்து நிற்பாள். இவள் அசைய மாட்டாள். ஒரு தலைப்பை முழுதாக வாசித்து முடித்த பிறகுதான் அதில் சாளை மடங்கும்.

"டீச்சர்ட்ட சொல்லிராதளா" என்றாள் என்னிடம். "அடுத்த பரீட்சையில எழுதிக் காட்டுதேன். எங்க தெருவும் சளைச்ச தெரு இல்லன்னு டீச்சரு அசந்துரணும்."

எனக்கும் ஆராய்ச்சி விதிகள் கொஞ்சம் தெரியும். ஜெயஷீலாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். நான் சொல்லவில்லை. இன்றைக்கு நடந்தாலும் சொல்ல மாட்டேன். படிக்கிறவளைக் காட்டிக்கொடுக்க நான் என்ன போலீஸா?

இரண்டாவது பரீட்சைக்கு மிக்கேலம்மாள் மாதா கோயில் திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தாளின் மேலே சிலுவை போட்டாள். பிறகு எழுதினாள். பேர், தெரு, சொல்வதை எழுதுவது, கொடுத்த பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, எல்லாம். மற்றவர்கள் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போன பிறகும் அவள் ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வேர்வை. முடித்துவிட்டு, கோயிலில் காணிக்கை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் தாளை நீட்டினாள்.

ஜெயஷீலா அதைப் பார்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு டீச்சரின் முகம் அது. "யக்கா, நீங்களா எழுதினீங்க" என்று மிக்கேலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. கை அப்படியே இருந்தது, முகம் வெளிறிவிட்டது.

"எப்ப ரிசல்ட்டு டீச்சர்?" என்றாள் மிக்கேலம்மாள்.

"சொல்லுதேன்க்கா" என்றாள் ஜெயஷீலா.

மறுநாள் நெறியாளர் நேசக்குமார் சார் அறையில் அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. நான் புத்தகம் கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஒரு ஷீட்டால எல்லாம் கெட்டுரும்மா" என்றார் அவர். "கன்டாமினேட்டட்னு எழுதி எடுத்துருங்க. திருத்தாதீங்க. திருத்தினா மார்க் வரும். மார்க் வந்தா சேக்கணும்."

"சார், அவங்க படிச்சிருக்காங்க சார்."

"உங்க கிளாஸ்ல படிக்கலயே."

"கெட்டுப்போறதுக்கு அது என்ன மீனா சார்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் வாய் நிற்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "மேடம், இவங்களுக்கு இதுதான் கடைசி எக்ஸ்டென்ஷன். வெளித்தேர்வாளர் திருப்பி அனுப்பிட்டார்னா இத்தனை வருஷமும் வீண்" என்றார். அதுவும் உண்மைதான். ஜெயஷீலா சொல்லிக்கொடுத்த பாடம் ரோட்டைத் தாண்டி, ஆட்டோ ஏறி, ஈர விரலில் ஓடி இன்னொரு தெருவுக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்ல அவர்கள் ஆராய்ச்சியில் இடம் இல்லை.

தாளை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு என் வீட்டு வாசலில் எனக்குத்தான் பரீட்சை. கூடையை இறக்குமுன்னே, "ஏளா, பேப்பர் திருத்தியாச்சாமா?" என்பாள்.

"உங்க டீச்சர்ட்டயே கேளுக்கா" என்பேன்.

"டீச்சரு வரவே மாட்டுக்காவளே."

ஜெயஷீலாவுக்குச் சாத்தான்குளம் பக்கம் தலைமை ஆசிரியையாகப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம், ஆய்வேடு என்று அலைந்தாள். திரேஸ்புரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன கிளாஸ் வரவில்லை. நூலகத்துக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன். "போய்ச் சொல்லிட்டாவது வா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல அனுசியா? நீங்க படிச்சது தப்புன்னு சொல்லவா?" என்று அழுதாள்.

"அப்ப அந்தத் தாளக் குடு. நான் திருத்துதேன்."

தாள் நேசக்குமார் சார் அறையில் இருந்தது. நான் போய்க் கேட்பதற்குள், அறைக்கு வெள்ளையடித்தபோது அது வேண்டாத கட்டுகளோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. அது யாரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்து நடத்துவது. பாடம் படித்த தெருப் பெண்களை ஜெயஷீலா வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டியோடு மிக்கேலம்மாளும் வந்திருந்தாள், அதே திருவிழாச் சேலையில். கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் 30. இன்னொரு பக்கம் 29.

வெளித்தேர்வாளர் அந்த ஒன்று எங்கே என்று கேட்டார். ஜெயஷீலா தலையைக் குனிந்துகொண்டு, "ஒன் சாம்பிள் வாஸ் டிராப்ட், சார்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. பார்வையாளர்கள் யாரும் கேள்வி கேட்கலாம். கூட இருக்கிற ஆய்வு மாணவர்கள் முன்கூட்டியே பேசி வைத்து இரண்டு கேள்வி கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லிவிட்டால் கைதட்டு, அப்புறம் தேநீர். அன்றைக்கும் இரண்டு கேள்வி முடிந்தது. "வேறு யாராவது?" என்றார் வெளித்தேர்வாளர், எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டே.

மிக்கேலம்மாள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் பாஸா பெயிலா?"

முன் வரிசையில் யாரோ சிரித்தான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். நேசக்குமார் சார், "அம்மா, இது இந்த ஆராய்ச்சிக்குச் சம்பந்தப்பட்ட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். ஜெயஷீலா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மூன்று தலைமுறையாக வாத்தியார் வீடு. திருத்தாத தாளுக்கு அவளுக்குப் பாஸ் போட வரவில்லை.

"யக்கா... உங்க பேப்பரத் திருத்தல" என்றாள்.

மிக்கேலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப இந்தத் தடவையும் தெரியாது" என்றாள். அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயஷீலா டாக்டர் ஜெயஷீலா ஆனாள். தேநீரும் மக்ரூனும் கொடுத்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மிக்கேலம்மாளைத் தேடினாள். அவள் வேனுக்குக்கூடக் காத்திருக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். ஜெயஷீலா அந்தத் தட்டோடு வராந்தாவில் நின்று அழுததை நான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மிக்கேலம்மாள் வந்தாள். கூடையை இறக்கினாள். பேப்பர் திருத்தியாச்சா என்று கேட்கவில்லை. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"யக்கா, நான் ஒரு பரீட்சை வைக்கேன். நீ எழுது. நானே திருத்தி மார்க் போடுதேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வேண்டாம்ளா. உனக்கு எம்மேல பிரியம். நீ பாஸ்னுதான் போடுவ" என்றாள்.

கால் கிலோ சாளை கேட்டேன். நிறுத்தாள். மடியிலிருந்து ஒரு பழைய பேப்பரை உருவினாள். பெரிய எழுத்தில் ஏதோ ஒரு தலைப்பு மேலே பார்த்துக் கிடந்தது. நான் காத்திருந்தேன். அவள் அதைப் பார்க்காமலே கருவாட்டை நடுவில் வைத்துச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடப் போனாள்.