ஏழு பொன்னாடைகளும் என் இரு சிறுநீரகங்களும்

இந்நிகழ்ச்சியின் முக்கியமான பகுதியில் நான் நினைவிழந்து கிடந்தேன். ஆகவே நானே கண்டதையும், மன்றச் செயலாளரும் ஒலிபெருக்கிக்காரரும் தனித்தனியே ஒன்றுபோலச் சொன்னதையும், மருத்துவமனைத் தாளில் அச்சாகியிருப்பதையும் மட்டுமே தருகிறேன். அவ்விருவரும் அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை. எனவே கூடிப்பேசிப் புனைந்திருக்க வாய்ப்பில்லை. நான் மேடையில் ஒரு மணி நேரம் மூச்சின்றிக் கிடந்ததாகச் செங்கற்பட்டில் உலவும் செய்திக்குச் சான்று கிடைக்காமையால் அதனை விலக்கிவிட்டேன்.

சித்திரை வெயிலில், மாமல்லபுரத்துத் திருமண மண்டபம் ஒன்றில் இலக்கிய மன்ற ஆண்டு விழா. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் தலைமை எனக்கு. விழாத் தலைவரின் கடமை, இறுதிவரை நாற்காலியை விட்டு எழாதிருத்தல். கழிப்பறைக்குச் செல்ல அவை முழுவதையும் கடந்து, சமையற்கட்டின் வழியாகப் போகவேண்டும். தலைவர் அவ்வழியே போவது அழகன்று எனக் கருதி, காலையிலிருந்து தண்ணீர் அருந்தவில்லை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையையும், நீர் பிரியச் செய்யும் மாத்திரையையும் மட்டும் தவறாமல் விழுங்கியிருந்தேன். மருந்தில் நான் ஒழுங்கானவன்.

பிறகு பொன்னாடைகள். முதலாவதைக் கழற்றி நாற்காலிமேல் இட்டபோது, போர்த்தியவரின் முகம் சுருங்கியதைக் கண்டேன். உடனே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அடுத்த ஆறனையும் கழற்றவில்லை. பண்பாடு வியர்வையாய் வழிந்தது.

இறுதியில் நாட்டுப்பண்ணுக்கு விரைந்து எழுந்தேன். விழுந்தேன்.

பண் முடியும்வரை எவரும் அசையவில்லை. மன்றத்தாரிடம் எனக்குக் கிடைத்த ஒரே முறையான சிகிச்சை அதுதான். தரையில் கிடந்த என் தலைக்கு இரத்தம் ஏறி, கண் திறந்தேன். அதற்குள் பண் முடிந்தது. அன்பர்கள் ஓடி வந்தார்கள்.

"விழாத் தலைவரத் தரையில போட்டு வைக்கிறதா? இன்னா மருவாதி இது? தூக்குங்கய்யா!" என்றார் செயலாளர்.

நாற்காலியில் அமர்த்தினார்கள். மீண்டும் மயங்கினேன். கிடத்தினார்கள், விழித்தேன். விழித்ததும் மகிழ்ந்து, மறுபடி அமர்த்தினார்கள்.

மூன்றாம் முறை சரிந்தபோது ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைப் போட்டுவிட்டு மேடையேறினார்.

"அண்ணாத்த, படுக்க வெச்சா முழிக்கிறாரு, குந்த வெச்சா உயுறாரு. இது கூடவா புரியல? காலைத் தூக்கிப் புடிங்க!"

"நீ மைக்க மட்டும் பாருப்பா" என்றார் செயலாளர்.

"மைக்கு நல்லாத்தான் கீது. ஆளுதான் பேஜாரா கீறாரு!"

ஏழு பொன்னாடைகளையும் உருவி எறிந்து ஆம்புலன்சை அழைத்தவர் அவரே. போர்த்தியவர்கள் வருந்தினார்கள் என்று கேள்வி.

செங்கற்பட்டு மருத்துவமனையில் இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.6 என்றிருந்தது, இயல்பான மேல் எல்லையின் இரு மடங்கு.

"சும்மா ஒரு தடவை மயங்கி எழுந்தா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது சார். உங்க உடம்புல தண்ணியே இல்ல, பிரஷரும் ரொம்ப நேரம் கீழ கிடந்திருக்கு. அந்த மாதிரி நேரத்துல உடம்பு மூளையையும் இதயத்தையும்தான் முதல்ல காப்பாத்தும். கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும்."

"மீளுமா?"

"மாத்திரை ரெண்டையும் நிறுத்தியாச்சு, சலைன் ஏறுது. யூரின் வரட்டும், பார்ப்போம். வரலன்னா டயாலிசிஸ் யோசிக்கணும்."

நாற்பதாண்டுகள் மாணவர்களுக்கு மதிப்பெண் இட்டவனின் சிறுநீரைச் செவிலியர் அளந்து குறித்தார். முதல் நாள் தேறவில்லை. மறுநாள் செயலாளர் நான்கு இளநீருடன் வந்தார்.

"எளநீ கிட்னியக் கழுவி உட்ரும் ஐயா. எங்க வூட்ல எல்லாத்துக்கும் இதான்."

என் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது; இளநீர் அதனை மேலும் ஏற்றும், இதயத்துக்கு ஆபத்து. செவிலியர் வாயிலிலேயே தடுத்தார். மன்றத்தையே அவமதித்துவிட்டார்கள் என்று செயலாளர் வருந்தி, நான்கையும் தாமே குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் நீர் பிரிந்தது. கவிதை எழுதியபோதும் அத்தனை பேர் என்னைப் பாராட்டியதில்லை.

மூன்று மாதங்களுக்குப் பின் கிரியேட்டினின் 1.5. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது.

"விழாவுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு சார்?" என்று மருத்துவர் கேட்டார்.

சோதித்ததே இல்லை. ஆகவே எஞ்சியுள்ள இக்குறை அன்று மேடையில் நேர்ந்ததா, பல்லாண்டு இரத்த அழுத்தத்தால் முன்பே இருந்ததா என்பது தெரியவில்லை. இனி வளருமா என்பதும் தெரியவில்லை.