காதக்கா தட்டிய டின்

என் நாத்தனாருக்குத் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பத் தெரியாது. தர்ப்பூசணியைத் தட்டுவார், அதை எல்லாரும்தான் தட்டுகிறார்கள். இவர் புது அலமாரியைத் தட்டுவார், வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டின் சுவரைத் தட்டுவார், கடைக்காரர் கண்ணெதிரிலேயே பானையைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளிப்பார். என்னை முதன்முதலில் பார்க்க வந்த அன்று விரல்களை மடக்கி மடியில் அடக்கி வைத்திருந்தார். தம்பிக்கு இவள் சரிப்படுவாளா என்று என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்திருக்கும், பாவம்.

தொழில் அப்படி. துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் டின் தட்டும் வேலை. கப்பலில் வந்து இறங்கும் மீன் டின்களை மேசையில் பரப்பி, நுனியில் குமிழ் வைத்த மெல்லிய இரும்புக் குச்சியால் ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நல்ல டின் ‘டிங்’ என்று பதில் சொல்லும். எங்கேயோ காற்றுப் புகுந்து கெட்டுப்போனது ‘தொத்’ என்று விழும். அது சிவப்புப் பெட்டிக்குப் போகும். நாளைக்கு இரண்டாயிரம் டின், இருபத்திரண்டு வருஷம். கிடங்கில் அவருக்குக் காதக்கா என்றே பெயர். மேற்பார்வையாளர் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட மனுஷி. எங்களோடுதான் இருக்கிறார். சரியாகச் சொன்னால், நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் டின் மீன் அடுக்கு. லேபிள் கிழிந்த, நசுங்கிய டின்களைக் கிடங்கில் வேலையாட்களுக்கு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். நல்லது கெட்டது பார்த்து எடுத்துக்கொள்வது அவரவர் பாடு. டின்னில் இருக்கும் எண்ணெயை ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது. வெங்காயம் அதில்தான் வதங்க வேண்டும். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரையும் கொட்டக் கூடாது. மசிக்கும்போது அதில் கொஞ்சம் விட வேண்டும். கீழே கிழங்கு, நடுவே மீன், மறுபடி கிழங்கு, மேலே காய்ந்துபோன ரொட்டியின் ஓரங்களை உதிர்த்துத் தூவி, மூடி போட்டு, சிறு தீயில் அடி சிவக்க விட வேண்டும். கால் டின் மீனிலும் மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம் என்பார். அரை டின் போடச் சொல்லிப் பதினாறு வருஷமாகப் போராடுகிறேன், நடக்கவில்லை. என் சமையலறையில் எனக்கு எடுபிடி உத்தியோகம். கரண்டிக் காம்பால் அவர் டின்னைத் தட்டி, “நல்லாருக்கு, திற” என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் நான் அதில் கை வைக்கலாம்.

அந்தச் சனிக்கிழமையும் தட்டினார். ‘தொத்’ என்றது.

“நல்லாருக்கு, திற” என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கையும் களவுமாக மாட்டினார். என்ன சொல்லிக் குத்தலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் டின்னைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டின் என்ன சொன்னது என்பதை என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். சில வாரங்களாகவே தட்டியதும் இப்படித்தான் என்னைப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கிழங்குத் தோலைத் தடிமனாகச் சீவுகிறேனா என்று வேவு பார்ப்பதாக நினைத்து நானும் முறைத்து வைத்திருக்கிறேன். சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்த என் கணவரை எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லித் துரத்தினேன்.

“எத்தனை நாளா அண்ணி?” என்றேன். இரண்டாவது தடவை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

“ரெண்டு மாசமாச்சு. இடது காது சுத்தமாப் போச்சு. வலது பாதிதான்.”

கிடங்கில் விரலை வைத்துச் சமாளித்திருக்கிறார். தட்டும்போது நல்ல டின் விரலுக்கடியில் லேசாக அதிருமாம், கெட்டது சும்மா கிடக்குமாம். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சிவப்புப் பெட்டிதான். வீட்டில் வெங்காயம் நறுக்கிய ஈரக் கையில் அது தெரியவில்லை. ‘தொத்’ கேட்ட நொடியில் நான் ஒன்றும் காட்டாமல் முகத்தைக் கல் மாதிரி வைத்திருந்ததால், நல்ல டின் என்று முடிவு கட்டிவிட்டார்.

கூத்து அதற்கு மேல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பெட்டி நிரம்பிய இடத்தில் நாளுக்கு இரண்டு பெட்டி நிரம்பியபோதும், காதக்காவின் காதைச் சந்தேகப்பட ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. எல்லாரும் மீன் கம்பெனியைச் சந்தேகப்பட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சிவனே என்று இருந்த கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் பறந்திருக்கிறது. நியாயம் கேட்க அவர்களுடைய ஆள் திங்கட்கிழமை வருகிறார். பெட்டியைத் திறந்து பார்த்தால் அத்தனையும் நல்ல மீன். அன்றைக்குக் காதக்காவின் பேரும் போகும், வேலையும் போகும்.

“அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க” என்றேன்.

“காது போச்சுன்னு சொன்னா, வேற என்ன இருக்குன்னு என்னை வச்சிருப்பாங்க?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த மீன்காரர் என்ன பாவம் செய்தார் என்று, முன்பின் தெரியாத கம்பெனிக்காக வக்கீல் மாதிரி கத்தினேன். என் நாத்தனார் கெட்ட டின்னைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், வேறொரு டின்னை எடுத்து வைத்துக் கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் தட்டினேன்.

“நல்லாருக்கு அண்ணி.”

விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் திறந்தார்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா முதலில் அரை மணி நேரம் திட்டினாராம், பிறகு டாக்டரிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். சிவப்புப் பெட்டியில் நாற்பது டின்னைத் திறந்ததில் முப்பத்தேழு நல்ல மீன். இவர் சரி என்று அனுப்பியதிலோ ஒன்றுகூடக் கெட்டதில்லை. கம்பெனி ஆளுக்குத் தன் மீனின் மானம் காப்பாற்றப்பட்டதே போதுமாயிருந்தது. மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். என் நாத்தனாரை டின்னின் விளிம்பைத் தடவிப் பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே விரல்தான் முக்கியம். பேர் மட்டும் இன்னும் காதக்காதான்.

அடுத்த சனிக்கிழமை கிழங்கு மசித்துக்கொண்டே, காது கேட்காமல் போனதில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். வேலை என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

“பதினாறு வருஷமா நீ இங்க நின்னு என்னை முணுமுணுன்னு திட்டினது ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேட்டுச்சு. இந்த ரெண்டு மாசமா உதடு மட்டும் அசையுது. வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு” என்றார்.

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. மத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய வலது பக்கம் போய் நின்று, தெருவுக்கே கேட்கும் குரலில் ஆரம்பித்தேன். கால் டின் மீனை வைத்து மூன்று பேரை ஏமாற்றும் கஞ்சத்தனத்தில் தொடங்கி, ஒன்றையும் விடவில்லை. சண்டை முற்றிவிட்டது என்று பயந்து என் கணவர் உள்ளே ஓடி வந்தார்.

“ஒண்ணுமில்லடா, நீ போ” என்றார் என் நாத்தனார், என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அவ சொல்லட்டும்.”