பிக்கப் இல்லை என்று பொய் சொன்னேன்

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் மனைவி கனடா போயிருந்தாள். ஆறு மாதம் என்று போனவள், மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் இன்னும் சில மாதம் ஆகும் என்றாள். எனக்கு அறுபத்திரண்டு வயது. சமையல் தெரியும், தோப்பு வேலை இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன் என்றுதான் நானும் சொன்னேன்.

ஒருநாள் காலை காரில் பொள்ளாச்சி போகும்போது, முன்னால் போன வைக்கோல் டெம்போவை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தேன். சத்தம் கூடியது, வேகம் வரவில்லை. எதிரே பஸ். இரண்டு விநாடி கழித்துத்தான் கார் பாய்ந்தது. பஸ் டிரைவர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் உயிர் தப்பினேன். வண்டியை ஓரம் கட்டினேன். யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. கனடாவில் அப்போது நள்ளிரவு. போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

அங்கிருந்து மெதுவாகத் திரும்பி, ஊருக்குள் இருக்கும் ஒரு சின்ன வொர்க்ஷாப்புக்குப் போனேன். நாற்பது வயது தாண்டிய மெக்கானிக், தனி ஆளாக நடத்திவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார். ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டினார். அப்போதும் வண்டியின் தயக்கம் போகவில்லை. என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு பேனட்டுக்குள் குனிந்து காதைக் கொடுத்தார்.

"காத்து ஒழுகுதுங்க. நீங்க மிதிக்கறப்ப எஞ்சினுக்குப் போற காத்துல பாதி வெளிய போயிருது. அதான் வண்டி யோசிக்குது" என்றார்.

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு விரிசல். சும்மா பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும். மறுநாள் புதுக் குழாய் மாட்டி, மறுபடி இருவருமாக ஓட்டிப் பார்த்தோம். கால் பட்டதும் கார் கிளம்பியது. கோளாறு அன்றோடு தீர்ந்தது.

ஆனால் ஓட்டிப் பார்த்த அந்த அரை மணி நேரத்தில் அவர் தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார், என் வீட்டைப் பற்றி விசாரித்தார். நான் பேத்தியைப் பற்றிச் சொன்னேன், தேங்காய் விலையைப் பற்றிச் சொன்னேன், நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டும்போதுதான் தோன்றியது. இந்த மெக்கானிக்கை விட்டால், அந்த வாரம் முழுக்க நான் ஒரு மனிதரோடும் முகம் பார்த்துப் பேசியிருக்கவில்லை.

அடுத்த வாரம் போய், பிக்கப் இல்லை, மிதித்தால் இன்னும் கொஞ்சம் தயங்குகிறது என்று சொன்னேன். எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் உடனே கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேசிக்கொண்டே சுற்றிவந்தோம். அதற்கடுத்த வாரமும் போனேன். அன்று அவர் அதிகம் பேசவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். நான்தான் பேசினேன். நான்காவது முறை, வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுக்க வழியில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது டீசல் டேங்கை இறக்கியிருந்தார். குழாய்களும் ஃபில்டரும் ஒரு சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. கவிழ்த்துப் போட்ட ஒரு டின்னின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க. எனக்குப் புடிபடலீங்க" என்றார் தலையைத் தூக்காமல். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கப்பனுக்கு இந்த வயசுலதான் காது மந்தமாச்சு. எனக்கும் அப்படித்தான் ஆயிருச்சோ என்னமோன்னு, வெள்ளிக்கிழமை காது டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கறேனுங்க."

அந்த மனிதருக்குக் காதுதான் பிழைப்பு. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"தம்பி, வண்டில ஒண்ணுமில்லீங்க. மொத தடவையே சரியாயிருச்சு. ஊட்ல பேச ஆளில்லீங்க. நீங்க கூட உக்காந்து வருவீங்கன்னுதான் பொய் சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார். நான் நட்டுகளை எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாட்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. எஞ்சினைப் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. சாவியை என் கையில் கொடுத்து, "நல்லாத்தானுங்க இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மனைவி போனில் கூப்பிட்டாள். வழக்கம்போல, சௌக்கியமா என்று கேட்டாள். எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லாமல், பஸ்ஸுக்குத் தப்பித்ததிலிருந்து இந்த மெக்கானிக் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நானும் இங்கே பேச ஆளில்லாமல்தான் இருக்கிறேன் என்றாள். ஏழு மாதத்தில் நாங்கள் பேசிய முதல் உண்மை அதுதான்.

அவள் திரும்பி வர மேலும் மூன்று மாதமாயிற்று. இடையில் ஒருமுறை ஆயில் மாற்ற அதே வொர்க்ஷாப்புக்குப் போனேன். மரியாதையாக வேலையை முடித்துக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்க என்னை மட்டும் அனுப்பினார். அது அவர் நியாயம்.

தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்ல தொழிலாளி ஒருவரைத் தன் காதையே சந்தேகப்பட வைத்தேனே என்று நினைக்கும்போதெல்லாம், துணை வேண்டுமானால் வாய் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.