கார்டு பெரியப்பாவின் குரல்

நான் ஏதோ கனவு கண்டிருப்பேன் என்று சொல்பவர்கள், மழை பெய்கிற ஒரு சாயங்காலம் அந்த அறையில் வந்து தனியாக உட்காரட்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பேய்க்குப் பயந்து வளர்ந்தவள் இல்லை. காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன். நீராவி இன்ஜினின் வயிற்றுக்குள் நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. பெரிய வேலைநிறுத்தத்தின்போது தலைமறைவாக இருந்தார். எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். வேலை போனது. சிறையில் வாங்கிய அடியில் உடம்பும் போனது. வெளியே வந்து, இருமி இருமியே சில மாதங்களில் செத்துப்போனார்.

அதன்பிறகு எங்களைத் தாங்கியவர் கார்டு பெரியப்பா. அப்பா வேலை பார்த்த வண்டிகளின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி காட்டுகிற கார்டாக இருந்தவர். சங்கத்திலும் அப்பாவுக்குத் தோழர். பிறகு கட்சித் தலைவரானார். என்னைப் படிக்கவைத்தார். என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினார். ஒவ்வொரு மேடையிலும் அப்பாவைப் பற்றிப் பேசி அழுவார், கூட்டமும் அழும். கணீரென்ற குரல். அந்தக் குரலை நம்பியே நாற்பது வருடம் கொடி பிடித்தேன். வெயிலில் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டேன்.

போன தேர்தலில் அவருடைய மகன் நின்றான். என் மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு அப்போதுதான் நான் திரும்பியிருந்தேன். பெரியப்பாவுக்குக் காய்ச்சல், யாரையும் பார்ப்பதில்லை என்றார்கள். மனசு கேட்கவில்லை. போனேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் மருமகள் குடையோடு வாசலில் நின்றாள்.

"நல்ல வேளை வந்தீங்க அண்ணி. மாமா தூங்குறாரு. மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு ஓடி வந்துடறேன்."

போய்விட்டாள். மணி ஆறு பத்து.

பெரியப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதோ வாசனை... ஈர நிலக்கரிப் புகை. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். கொட்டுகிற மழையில் யார் எரிப்பார்கள்?

மேஜைமேல் இருந்த டம்ளர் நடுங்கியது. கிண்... கிண்... கிண்... வண்டி போகும்போது ரயில்வே குவார்ட்டர்ஸில் பாத்திரமெல்லாம் இப்படித்தான் நடுங்கும். ஆனால் அந்தத் தெருவுக்கும் தண்டவாளத்துக்கும் வெகுதூரம்.

டக். கரண்ட் போனது.

யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். கட்டிலிலிருந்து இல்லை. அதற்கு அந்தப் பக்கம்... சுவரோரம்.

அங்கே ஆளே இல்லை.

பிறகு அந்தக் குரல். மேடையில் கேட்ட அதே குரல்.

"நான்தான்டா சொன்னேன்..."

மூச்சை அடக்கினேன்.

"ஷெட்டுக்குப் பின்னாடி... பழைய தண்ணித் தொட்டிக்குள்ள இருக்கேன்னு நீ என்னை நம்பித்தான சொன்ன... என் வேலைல கைவைக்க மாட்டோம்னாங்க... நான்தான்டா சொன்னேன்..."

"பெரியப்பா?"

கட்டில் பக்கம் குனிந்தேன்.

மின்னல்.

மல்லாந்து கிடந்தார். எப்போது திரும்பினார்?

கண் திறந்திருந்தது.

என்னைப் பார்க்கவில்லை. சுவரோரத்தைப் பார்த்தது.

கன்னமெல்லாம் ஈரம்.

மருமகள் வந்ததும் கிளம்பினேன். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, மொட்டைமாடியில் கட்டியிருந்த கட்சிக் கொடியை அவிழ்த்து உருட்டி மூலையில் எறிந்தேன். இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து பெரியப்பாவின் மகன் வந்தான். முகத்தில் ஓட்டுக் கேட்கிற சிரிப்பு.

"அக்கா, கடைசிக் கூட்டத்துல நீங்கதான் பேசணும். தியாகி மகள். நீங்க வாயத் திறந்தா போதும், ஊரே அழும்."

"பேச மாட்டேன். எங்கப்பாவக் காட்டிக்கொடுத்தது உங்கப்பா. ஒளிஞ்சிருந்த தண்ணித் தொட்டி வரைக்கும் சொல்லிட்டாரு."

அவன் பொய் என்று சொல்லவில்லை. திகைக்கவும் இல்லை. எழுந்து கதவைச் சாத்தினான்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவனுக்கும் தெரியும்! அக்கா, அக்கா என்று என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

"இருங்க... யார் சொன்னதா சொன்னீங்க?"

"உங்கப்பாதான். அன்னிக்கு சாயங்காலம். என் காதால கேட்டேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"காய்ச்சல்னது சும்மாக்கா... பக்கவாதம். எலெக்‌ஷன் முடியட்டும்னு மறைச்சு வெச்சிருக்கோம். திரும்பிப் படுக்கவே ரெண்டு ஆள் புடிக்கணும். அப்பாவுக்குப் பேச்சு போயி... ரெண்டு மாசம் ஆச்சு."